மலையை எந்தப் பக்கமாகச் சுற்றுவது

கண்டி வாவியைச் சுற்றி நடக்கிற பழக்கம் எனக்கும் என் நண்பனுக்கும் ஒரே காலத்தில்தான் பிடித்துக்கொண்டது. நான் மாநகர சபையில் கிளார்க். யார் வீட்டுக் கழிவுநீர்க் கான் அடைத்திருக்கிறது, யார் வீட்டு மரம் யார் கூரையில் சாய்ந்திருக்கிறது என்ற முறைப்பாடுகளைப் படித்தே எனக்கு முடி நரைத்தது. அவன் நகரத்துக்குள் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கிற கடை வைத்திருந்தான். அவனுடைய வாப்பாவுக்குச் சீனி வியாதி. அது தன்னையும் விடாது என்று பயந்து நடக்கத் தொடங்கினான். எனக்கு அப்படிப் பயம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குச் சீக்கிரம் போகாமலிருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாவி கொஞ்ச நாளில் சலித்துவிட்டது. ஹந்தானைக்கு ஏறினோம். அம்பிட்டியவில் என் வீட்டுக்கு மேலே இருந்த குன்றுகளையும் ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். பிறகு அவனுக்குப் பெரிய ஆசை வந்தது. விடியக் கிளம்பி, ஒரு முழு மலையை வட்டமாகச் சுற்றி, இருட்டுவதற்குள் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். "நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள ஒரு மலையயாவது சுத்தோணும் மச்சான். மறுகா முழங்கால் உடாது" என்றான்.

போர் கொஞ்சம் ஓய்ந்திருந்த வருடங்கள் அவை. அதற்கு முன்னால் என்னைப்போல ஒருவன் பையில் மலைப்படத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியிருந்தால், நடந்து போயிருக்கத் தேவையில்லை. ஜீப்பிலேயே கூட்டிப் போயிருப்பார்கள். இப்போது சோதனைத் தடைகளில் இறங்கச் சொல்வதும் குறைந்திருந்தது. அவன் நில அளவைத் திணைக்களத்தில் படம் ஒன்றை வாங்கி வந்து, கடைக்குப் பின்னால் பெயின்ட் டின்களுக்கு நடுவே விரித்தான். நாலு மூலைக்கும் நாலு பூட்டை வைத்தான். மடுல்கெல்லவுக்கு மேலே விரலை வைத்து, ஒரு மலையைச் சுற்றி மெதுவாக வட்டம் போட்டான்.

"இது எப்பிடி?" என்றான்.

அது நான் பிறந்த மலை. ஆயிரம் மலை இருக்கிற ஊரில் அவன் விரல் சரியாக அங்கே போய் விழுந்தது. ஒன்றுமே நடக்காததுபோல அவன் கொண்டுவந்த பிளேன்டீயை எடுத்துக் குடித்தேன்.

அவன் பாதையை வாசித்தான். மடுல்கெல்லவில் இறங்கி, தேயிலைத் தோட்டத்து ரோட்டில் மேல் டிவிசன் வரைக்கும் ஏற வேண்டும். தேயிலை முடிகிற இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. வலது கைப் பக்கம் ஓடைப் பாதை: ஏலக்காய்க் காட்டுக்குள் நுழைந்து, ஒரு ஓடையைத் தாண்டி, மலையின் பின்பக்கம் போகும். இடது கைப் பக்கம் புல்வெளிப் பாதை: புல் மலையில் ஏறி, பாறைக் கணவாய் வழியாக அதே பின்பக்கத்துக்கு இறங்கும். பின்னால் இருக்கிற கிராமத்துக்கு மேலே இரண்டும் சந்திக்கும். எதனால் போனாலும் மற்றதால் திரும்பி வரலாம்.

"எனக்குத் தெரியும்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். அன்றுதான் அவனிடம் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அத்தனை வருடம் பழகியும் அதற்கு முன் ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது தோட்டத்தில் பஞ்சம் வந்தது. ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மா குறைந்தது. வேலை நாள் குறைந்தது. பாணுக்கு இருட்டோடு பேக்கரி வரிசையில் போய் நின்றாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மரவள்ளிக் கிழங்கையும், அது இல்லாத நாளில் அதன் இலையையும் தின்றோம். அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோக விடாமல் ரோட்டில் தடை போட்டிருந்தார்கள். எங்கள் மலையின் பின்பக்கம் வேறு மாவட்டம். அங்கே சிங்களக் கிராமங்களில் அரிசி இருந்தது, குரக்கன் இருந்தது. அந்தக் கிராமங்களை நாங்கள் 'நாடு' என்போம். 'நாட்டுக்குப் போறது' என்றால் மலையைத் தாண்டிப் போய்த் தானியம் வாங்கி வருவது.

நாங்கள் லயம் என்கிற வரிசை வீடுகளின் ஆண்கள் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். போன வழியாகத் திரும்பக் கூடாது. வெறுங்கையோடு போகிறவனை எவனாவது பார்த்துவிட்டால், சுமையோடு வரும்போது பிடிக்கக் காத்திருப்பான். அதனால் ஓடைப் பாதையால் போய், புல்வெளிப் பாதையால் இறங்கி வருவார்கள். என் நண்பன் காசு கொடுத்துப் படம் வாங்கிக் கண்டுபிடித்த அருமையான வட்டப் பாதை, எங்கள் ஆட்கள் வயிற்றுக்காக நடந்த பாதை.

அந்த ஐப்பசியில் அப்பா செத்துப்போனார். வயிற்றோட்டம். பசித்த உடம்பு என்பதால் அதுவே போதுமாக இருந்தது. அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. மூத்த மகன் என்பதால் அவன்தான் குழிமேட்டில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து இடமாகச் சுற்றி வந்து உடைத்தான். குடத்தில் கொத்து விழும்போதெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, விடியற்காலையில், அவன் தனியாக நாட்டுக்குப் போனான். மற்ற ஆண்களோடு இரண்டு தடவை போயிருக்கிறான். தனியாகப் போனது அதுதான் முதல். நான் எழும்பியபோது அவன் படுத்த சாக்கு சுருட்டி மூலையில் வைத்திருந்தது. அவன் திரும்பி வரவில்லை.

லயத்து ஆண்கள் நாள்கணக்காகத் தேடினார்கள். பின்பக்கக் கிராமத்தில் விசாரித்தார்கள். ஒரு பையன் வந்து குரக்கன் வாங்கிக்கொண்டு உச்சி வெயிலுக்கு முன்பே கிளம்பிவிட்டான் என்று சொன்னார்களாம். ஆகவே திரும்பும் வழியில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும். கணவாய், அதன் கீழே பள்ளம், புல் மலை முழுவதும் கோல்களால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை.

நண்பன் படத்தின் மேலிருந்து பூட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். "வேற மலை பாப்போம் மச்சான்" என்றான்.

"வேணாம். இதுக்கே போவோம்" என்றேன். அதைச் சொன்ன வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் அது புரியும். அண்ணன் போன பிறகு அம்மா சாயங்காலங்களில் லயத்துக் கோடியில் நின்று 'கூ' கொடுக்கத் தொடங்கினார். அண்ணன் விறகுக்குப் போய்த் திரும்பும்போது மேலே இருந்து கூ கொடுப்பான், அம்மா கீழே இருந்து பதில் கொடுப்பார். அது அவர்களுக்குள் இருந்த பழக்கம். இப்போது அம்மா முதலில் கொடுத்தார். மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. அம்மா திரும்பவும் கொடுத்தார். இருட்டும்வரை இது நடக்கும். எதிரொலி என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனாலும் சில நாள் மலையின் குரல் அம்மா நிறுத்திய பிறகும் ஒரு தடவை கூடுதலாகக் கேட்டதுபோல இருக்கும். அக்கம்பக்கத்துக் காம்பிராக்களில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கடைசியில் கங்காணி வந்து, பிள்ளைகள் பயப்படுகிறார்கள், நிறுத்து தாயி என்று கேட்டுக்கொண்டார். அம்மா நிறுத்திவிட்டார். எனக்கு இன்றைக்கும் மலைப் பக்கத்தில் யாராவது கூ கொடுத்தால் உடம்பு தூக்கிப்போடும்.

பிறகு நாங்கள் கண்டிக்கு வந்தோம். அம்மா வீட்டு வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். முதலில் நகரத்தில் ஒரு அறை, பிறகு இரண்டு அறை, எனக்கு வேலை கிடைத்தபின் அம்பிட்டியவில் வீடு. ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் அம்மா பஸ் ஏறி மடுல்கெல்லவுக்குப் போவார். சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் புது வீட்டுக்கு வழி சொல்லிவிட்டு வருவார்: எந்த பஸ், எங்கே இறங்குவது, கேட்டின் நிறம் என்ன. கடைக்காரன் மாறினால் புதியவனிடமும் போய்ச் சொல்வார். அம்பிட்டிய வீட்டு கேட்டை அம்மா பச்சை என்று சொல்லிவிட்டதால், அது என்றைக்கும் பச்சையாகவே இருக்க வேண்டியதாயிற்று. துரு ஏறிய கேட்டுக்கு நீலம் அடிப்போமே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, மறுபடி மடுல்கெல்லவுக்குப் போக எனக்கு இப்போது காலில்லை என்றார். நானும் பச்சையே அடித்தேன்.

அண்ணன் செத்துவிட்டான் என்ற பேச்சு எங்கள் வீட்டில் கிடையாது. தீபாவளிக்கு அப்பாவுக்குப் படையல் போடுவோம். அண்ணனுக்கு இல்லை. ஒரே ஒரு வருடம், அவனுக்கும் ஒரு வேட்டி வைப்போமா என்று கேட்டேன். அம்மா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. அவர் கணக்கில் அண்ணன் பின்பக்கத்துக் கிராமத்தில் இருந்தான். முதலில் தடையில் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள்; வெளியே வந்தபின் வெட்கத்தால் வீட்டுக்கு வரவில்லை. பிறகு அங்கேயே ஒரு சிங்களப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். வருடம் போகப் போக அவனுக்குப் பிள்ளைகள் பிறந்தன. மூத்தது பெண். அவளுக்கு இப்போது கல்யாண வயதாகியிருக்கும் என்று அம்மா கவலைப்படுவார். இல்லாத அண்ணனுக்குக் குடும்பம் நடத்திக்கொடுத்தவர், இருக்கிற எனக்குப் பெண் பார்க்க மறந்துபோனார். சிரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அப்போது சிரிக்க முடிந்ததில்லை. வெளியே கேட் கிறீச்சிட்டால் அம்மாவின் கை வேலையை விட்டு நிற்கும். வந்தது நான்தான் என்று தெரிந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கும். தினமும் மாலையில் என் வீட்டுக்குள் ஒரு ஏமாற்றமாக நுழைவது எனக்கு எவ்வளவு அலுத்திருந்தது என்பதைச் சொன்னால் கல்நெஞ்சக்காரன் என்பார்கள். அவன் செத்துவிட்டான் என்று யாராவது எனக்கு உறுதியாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அந்தப் பாதையில் நடந்தாலாவது அது விளங்கும் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் சொல்லாமல் போகவும் முடியாது. அவர் அடுப்படியில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெயில் தெளிந்த காலையில் எங்கள் அடுப்படி வாசலில் நின்றால் மகாவலிப் பள்ளத்தாக்குக்கு அப்பால் அந்த மலைகள் நீலமாகத் தெரியும். அம்மா இந்த வீட்டைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதே அதனால்தான்.

"அம்மா, நம்ம மலையைச் சுத்திட்டு வரலாம்னு இருக்கோம். போயா லீவுக்கு" என்றேன்.

அழுவார் என்று நினைத்தேன், அல்லது கோபப்படுவார் என்று. அவர் சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்தப் பக்கமா?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கமான்னா?"

"மலை எந்தக் கைப்பக்கம் இருக்கும்? வலமா சுத்துறதுன்னா போய்ட்டு வா. புல்லு மலையில ஏறி, ஓடைப் பக்கமா வந்துரு. இடமா சுத்துறதா இருந்தா போகவே வேணாம்."

கோயிலை வலமாகச் சுற்றுவோம். சாவுக்குத்தான் இடமாகச் சுற்றுவது. எனக்கும் அது தெரியும். வாவியைச் சுற்றும்போதுகூட என் கால் தானாக வலமாகத்தான் போகும். ஆனால் ஒரு மலைக்கு யார் அதைப் பார்க்கிறார்கள்? சொன்னேன்.

"அவன் உசுரோட இருக்கிற எடத்த இடமா சுத்தப் போறியா? அவனுக்கே கொள்ளி வச்ச மாதிரி ஆயிரும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. பருப்புதான் சுளகில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

நண்பனிடம் வந்து இதைச் சொன்னபோது அவன் பூட்டு ஒன்றைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். "இடமாத்தான் போகோணும். ஏலக்காய் யாவாரி ஒருத்தன் கடைக்கு வந்த. அவன் செல்ற, அந்த ஓடய காலைல தாண்டிரோணும், மத்தியானம் மழ வந்தா தாண்டேலா எண்டு. இப்ப ஐப்பசி, ஒவ்வொரு நாளும் மழதானே. வலமா போனா ஓடைக்கு வாறதே மூணு மணிக்குப் பொறகு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கட ஆக்கள் மக்காவில கஃபாவச் சுத்துறதும் இடமாத்தான். அது மையத்துக்கா சுத்துற? உங்கட அம்மாட்ட செல்லிப் பாரு" என்றான்.

அதைச் சொல்லிப் பார்த்தேன். "அது அவுங்களுக்கு" என்று அம்மா இரண்டே வார்த்தையில் தீர்த்துவிட்டார்.

ஏலக்காய் வியாபாரி பெரிதாகச் சொல்லியிருப்பான் என்பது என் எண்ணம். காலையில் ஓடினாற்போல நடந்தால் வலமாகவும் முடித்துவிடலாம். அம்மாவின் மனதையும் நோகடிக்க வேண்டாம். சரி, ஓடையைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று பௌர்ணமிப் போயாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினோம். வட்டம் போவதற்கல்ல, ஓடை வரைக்கும் போய்ப் பார்த்துத் திரும்புவதற்கு.

மேல் டிவிசனில் எங்கள் லயம் இருந்த இடத்தில் கல் சுவர் மட்டும் நின்றது. கூரைத் தகரத்தை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் படுத்த காம்பிராவுக்குள் தேயிலைச் செடி ஒன்று மரமாக வளர்ந்திருந்தது. கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை எவ்வளவு உயரம் போகும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. அதன் கீழே நின்றபோது யாரோ எனக்குப் பின்னால் வாசற்படியில் நிற்பதுபோலிருந்தது. திரும்பினேன். நண்பன் வெளியே தூரத்தில் நின்று காலில் அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டிருந்தான்.

பாதை பிரிகிற இடத்தில் வலது பக்கம் திரும்பிக் காட்டுக்குள் நுழைந்தோம். ஏலக்காய்ச் செடிகளுக்குள் பாதை நன்றாகவே இருந்தது. ஓடையை அடைந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணுக்கால் நனையாத தண்ணீர். கற்களுக்கு இடையில் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே வெயில். "இதுக்கா இவ்வளவு பயம்?" என்று நண்பனைக் கேலி செய்தேன். கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து மத்தியானத்துக்குப் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். மலையின் உச்சி மட்டும் கறுத்திருந்தது. எங்கள் மேல் ஒரு துளி விழவில்லை.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. தோட்டத்து ரோட்டில் லொறி வருகிறது என்று நினைத்தேன். அந்தக் காட்டுக்குள் ரோடே கிடையாது. பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. இலைகளும் சுள்ளிகளும் வந்தன. நாங்கள் எழும்பிப் பத்தடி பின்னால் போவதற்குள் நாங்கள் சாப்பிட்ட பாறையைக் காணவில்லை. தண்ணீருக்கு அடியில் கற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உருளுகிற சத்தம் காலுக்குள் கேட்டது. எங்கள் மேல் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நண்பன் வாய்க்குள் ஏதோ ஓதினான்.

நான் எதிர்க்கரையைப் பார்த்தேன். அங்கே இரண்டு மரங்களுக்கு நடுவில் பாதை காட்டிலிருந்து வெளியே வருகிறது. வலமாகச் சுற்றி வருகிறவன் அங்கேதான் வந்து நிற்பான். நிற்பதை நான் பார்த்தேன். பேய் பார்த்தேன் என்று சொல்லவில்லை. அங்கே ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தலையில் சாக்கோடு ஒருவன் நிற்கிறான், தண்ணீரைப் பார்க்கிறான், எந்தக் கல்லில் கால் வைக்கலாம் என்று தேடுகிறான். அந்தக் கால்களை எனக்கு அடையாளம் தெரிந்தது.

"எறங்காத" என்று சொல்லிவிட்டேன்.

"யார்ட்ட செல்ற?" என்று நண்பன் கேட்டான்.

"யாருகிட்டயும் இல்ல."

திரும்பி வரும்போது என்னையே திட்டிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் ஓடையைக் காலையில் தாண்டிப் போனவர்கள். அண்ணனும் அப்படித்தான் போயிருப்பான். அவன் பிற்பகலில் வந்திருக்க வேண்டியது புல் மலைப் பக்கம். அதனால்தான் எல்லோரும் அங்கே தேடினார்கள். அந்தக் கரையில் அவனுக்கு என்ன வேலை? ஆனாலும் பஸ்ஸில் கண்டி வந்து சேரும்வரை அந்தக் கற்களின் சத்தம் காலை விட்டுப் போகவில்லை. ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. போவதென்றால் ஓடைப் பாதையால்தான் போக வேண்டும். இடமாகத்தான் சுற்ற வேண்டும். இல்லையென்றால் போகவே கூடாது.

அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அன்று மாலை விளக்கேற்றிவிட்டு அவர் அடுப்படிக்கு வரும்வரை காத்திருந்தேன். சாமி, சாவு எதையும் இழுக்காமல், ஆபீஸில் ஒரு கானைப் பற்றி அறிக்கை எழுதுவதுபோல ஓடையைப் பற்றி மட்டும் சொன்னேன். வெயில் அடித்ததையும், பாறை போனதையும் சொன்னேன். அதனால்தான் இடமாகப் போக வேண்டியிருக்கிறது என்றேன்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "மத்தியானத்துக்கு மேலயா அப்பிடி வரும்?" என்றார்.

"ஆமா. மேல மழை பேஞ்சா போதும். கீழ இருக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது."

"காலையில?"

"காலையில ஒண்ணுமில்ல. சின்னப் புள்ள தாண்டிரும்."

அவர் அடுப்பை அணைத்தார். உலை பாதியில் நின்றது. கதிரையை இழுத்து உட்கார்ந்தார். எங்கள் லயத்துப் பெண்கள் கொழுந்து மலைக்கு அப்பால் போனதில்லை. அம்மா அந்த ஓடையைத் தன் வாழ்நாளில் பார்த்தவரில்லை.

"அவன் ஓடைப் பக்கமாத்தான் கெளம்பினான்" என்றார். "நான்தான் கூப்புட்டேன். அப்பாவுக்குக் குடத்தத் தூக்கி இடமா சுத்தி வந்த பய. முப்பதாம் நாள் கூட கழியல. அவ்வளவு பெரிய மலைய மறுபடியும் இடமா சுத்தப் போறானேன்னு எனக்கு மனசு ஒப்பல. புல்லு மலைப் பக்கமா ஏறு, வலமா சுத்திட்டு வான்னு சொன்னேன். சிரிச்சான். சரிம்மான்னு அந்தப் பக்கம் திரும்பிப் போனான்."

"யாருகிட்டயும் சொல்லலியா? தேடுனவங்ககிட்ட?"

"யாரு கேட்டா? தாலி அறுத்தவ, மூலையில இருந்தேன். ஆம்பளைங்க வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிட்டாங்க. எல்லாருக்கும் வழி தெரியும்ல, என்கிட்ட என்ன கேட்க? நானும், சுத்துறது ஒரே மலைதான, சுத்தித்தான தேடுவாங்கன்னு இருந்துட்டேன்."

யாரும் சுற்றித் தேடவில்லை. எல்லோரும் புல் மலையைக் கோலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த உடனே அதை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று துடித்தேன். அம்மா தன் வாயாலேயே மகனை அந்தத் தண்ணீருக்கு அனுப்பியது இனி அவருக்குத் தெரிந்தே இருக்கப்போகிறது. நான் போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. அம்மாவுடைய கதைகளையெல்லாம், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட கதைகளையெல்லாம், நானே எடுத்துச் சொல்லத் தொடங்கினேன்.

"தண்ணியப் பாத்துட்டு அவன் இறங்கியிருக்க மாட்டாம்மா. திரும்பி அந்தக் கிராமத்துக்கே போயிருப்பான். நீங்க சொல்ற மாதிரி அங்கேயே தங்கிட்டான். பொண்ணு கட்டி, புள்ளைங்களோட..."

அம்மா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. சின்னப் பிள்ளை ஏதோ தெரியாமல் பேசுகிறது என்பதுபோலப் பார்த்தார்.

"அவன் திரும்ப மாட்டான்" என்றார். "நீ ரெண்டு நாளா சாப்புடாம கெடந்த. அதப் பாத்துட்டுத்தான் போனான்."

அது எனக்குத் தெரியாது. நான் பட்டினி கிடந்தது எனக்கு நினைவில் இருக்கிறது. அந்த வருடம் முழுவதும் பட்டினிதான். ஆனால் அவன் எனக்காகத்தான் அன்றைக்குப் போனான் என்று யாரும் சொன்னதில்லை. நான் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வயதுக்கு மேலாகி, கண்டி மாநகரத்துக் கான்களுக்கெல்லாம் பொறுப்பாக இருக்கிற மனிதன், வாயைத் திறந்து அழுதேன். அம்மா அழவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "போயாவுக்குத்தான போறீங்க?" என்று கேட்டார்.

போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இடமாவே போங்க" என்றார். "ஓடைக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேருவீங்க?"

"எட்டு, எட்டரை ஆகும்."

அம்மா மனதுக்குள் ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல இருந்தார். பிறகு எழுந்து, அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

"நீ தண்ணியில கால வைக்கிற நேரத்துக்கு, நான் இங்க அவனுக்காகத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிறேன்" என்றார்.